ஏரியும் வட்டும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே நெல்வயல்கள் சூழ விளங்கும் பழம்பதி பாகூர். அவ்வூருக்குப் பெருமை தந்தவை இரண்டு. ஒன்று ஏரி, மற்றொன்று கல்வி. தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியில் நிறைகின்றது. அவ்வூரில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி நிலவியது. அதன் செலவுக்காக மூன்று ஊர்கள் வழங்கப்பெற்ற செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு கூறுகின்றது. ஏரி நீரைச் சேமித்தது. கல்லூரி அறிவைச் சேமித்தது.

இக்காலத்தில் அறிவைச் சேமிக்கும் கருவிகளுள் ஒன்று கணிப்பொறியின் வட்டு. பல வட்டுகளை ஒருங்கே அடுக்கி, ஒன்றாக இயங்கச் செய்யும் பொறிக்கு வட்டு அணி என்பது பெயர். அவ்வட்டுகளின் இடமெல்லாம் ஒன்றாகத் திரண்ட தொகுதியை அத்தொழில் வல்லோர் ‘பூல்’ என்பர். குளம் என்பதே அச்சொல்லின் பொருள். எனவே, ஏரியின் இயல்பை அறிந்த நம் நாட்டுப்புற மாணவர்க்கு இப்பொறியின் இயல்பை அறிதல் அரிதன்று.

வட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஐம்பது பெருந்தட்டுகள் கொண்ட சேமிப்புப் பொறியொன்றை வெளியிட்டனர். அஃது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. இன்று ஓர் ஓலைச்சுவடியின் ஏட்டைத் தெளிவாக எடுத்த ஒரே நிழற்படம் அவ்விடம் முழுவதையும் நிரப்பிவிடக் கூடும். பின்னர் 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், விலை மிகுந்த பெருவட்டு ஒன்றனுக்கு மாறாக விலை குறைந்த சிறுவட்டுகள் பலவற்றை அணியாகச் சேர்க்கும் முறைகளை வகுத்துரைத்தனர்.

பல வட்டுகளைச் சேர்த்தால் அவற்றுள் ஒன்று பழுதுறும் வாய்ப்பும் மிகுமன்றோ? அதனைத் தாங்கும் வழி யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மூன்று வட்டுகளில் முறையே 4, 7, 2 என்னும் எண்கள் உள்ளன எனக் கொள்க. நான்காம் வட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 13 என்பதைக் குறித்து வைக்கின்றோம். இரண்டாம் வட்டு பழுதுற்றால், 13-இலிருந்து 4-ஐயும் 2-ஐயும் கழித்து, இழந்த எண் 7 என்று மீட்டுவிடலாம். பொறி செய்யும் கணக்கு இதனின் வேறான நுட்பம் உடையது. எனினும் கருத்து இதுவே. இக்காவற் கணக்கை ஒரு வட்டிலேயே வையாது, எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து வைத்தலும் உண்டு.

இக்காவலுக்கு விலை உண்டு. நான்கு டெராபைட்டு அளவுள்ள வட்டுகள் நான்கைச் சேர்த்தால் மொத்தம் பதினாறு. அவற்றுள் ஒரு வட்டின் அளவு காவற் கணக்குக்கே போய்விடும். எஞ்சுவது பன்னிரண்டு. அதுவே நாம் எடுத்தாளத்தக்க குளம்.

இனி, அக்குளத்திலிருந்து பாகங்களைப் பிரித்தல் வேண்டும். ஏரியில் மதகுகள் அமைத்து இந்த மதகின் நீர் இந்தக் கழனிகளுக்கு என்று வரையறுப்பது போன்றது இச்செயல். ஒரு நூலகம் சுவடிப் படங்களுக்கு ஆறு, அச்சு நூற்படங்களுக்கு இரண்டு, அலுவலகக் கணக்குக்கு ஒன்று எனப் பகுத்து, மூன்றனைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே முழுவதையும் பகுத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. பாகத்தைப் பெரிதாக்குதல் எளிது, சிறிதாக்குதல் அரிது, சில பொறிகளில் இயலாததும் ஆகும்.

மற்றொரு முறையும் உண்டு. பன்னிரண்டே உள்ள குளத்திலிருந்து இருபது தருவதாகப் பாகங்களுக்கு உறுதி கூறி, அவை எழுத எழுத இடம் அளித்து வருவது அது. எல்லாரும் ஒரே காலத்தில் கேளார் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. இதனால் இடம் வீணாவதில்லை. ஆயினும், மதகு காப்போன் ஏரியின் அளவை நோக்காது மேலும் மேலும் கழனிகளுக்கு நீர் தருவதாக வாக்களித்தால் கோடையில் யாது நேரும்? கடைமடை மட்டுமன்று, தலைமடையும் காயும். அவ்வாறே குளம் நிறைந்த அன்று, அதனை நம்பிய பாகங்கள் பலவற்றிலும் எழுதும் பணி ஒருங்கே தடைப்படும். ஆதலின், முக்கால் பங்கு நிறைந்த பொழுதே எச்சரிக்கும்படி பொறியை அமைத்தல் வேண்டும். எச்சரிக்கையைக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

வட்டு ஒன்று பழுதுற்றால் உடனே புதிய வட்டை இடுதல் கடன். இழந்தவற்றைப் பொறி அதில் மீண்டும் எழுதி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். சில வேளை நாட்களும் ஆகும். அதற்குள் மற்றொரு வட்டும் பழுதுறுமாயின், ஒரு வட்டின் இழப்பையே தாங்கும் குளம் முழுவதும் அழியும். ‘இன்னும் ஓடுகிறதே’ என்று வாளா இருப்பவன், கரையில் கண்ட சிறு கசிவை நாளை பார்ப்போம் என்று விட்டவனை ஒப்பான். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிலேயே, குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. வெட்டிய ஏரியைக் காப்பதற்கு ஆண்டுதோறும் ஆளை நியமித்த நம் முன்னோரின் முறை, வட்டு அணிக்கும் பொருந்தும்.

இவ்வளவு காவல் செய்தும் ஒன்றை மறத்தல் ஆகாது. குளம் என்பது மறுபடி அன்று. ஒருவர் தவறுதலாக ஒரு பாகத்தை அழித்துவிட்டால், காவற் கணக்கு அதனை மீட்டுத் தாராது. எல்லா வட்டுகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், தீயும் வெள்ளமும் எல்லாவற்றையும் ஒருங்கே கொள்ளும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரியை வளர்க்கும் ஆறே ஊரையும் சூழ்ந்தது! ஆதலின், மறுபடி ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். அதிலிருந்து உண்மையாகவே மீட்க இயலுகின்றதா என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்தலும் வேண்டும்.

இவையெல்லாம் எதன் பொருட்டு? புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலியவற்றில் சைவச் சுவடிகள் சுமார் 11,000 பாதுகாக்கப்பெற்று வருகின்றன. யுனெஸ்கோ மன்றம் 2005-ஆம் ஆண்டில் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. அவை பெரும்பாலும் ஓலைகள், செல்லும் பூச்சியும் ஈரமும் அவற்றின் பகைகள். முற்காலத்தில் சிதையும் ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்தவர் இருந்தமையாலேயே பல நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. இன்று சுவடிகளை நிழற்படங்களாக்கி வட்டில் ஏற்றுகின்றோம். ஏட்டைச் செல் அரித்த பின், அதன் படம் இருந்த வட்டும் கவனிப்பாரின்றி அழியுமாயின், அந்நூலை மீண்டும் இயற்றித் தர ஆசிரியர் வரப்போவதில்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய பொறிகளைக் காக்கும் பணியில் அமர்வீர்கள். அப்பொழுது நாள்தோறும் குளத்தின் அளவைப் பாருங்கள். பழுதுற்ற வட்டை அன்றே மாற்றுங்கள். இருப்பதற்கு மேல் வாக்களியாதீர்கள். ஒரு பாகத்தை அழிக்குமுன் அஃது யாருடையது என்று கேளுங்கள். பாகூர் ஏரிக்கரையில் நின்று நீர்மட்டத்தைக் கண்ணால் அளக்கும் முதிய உழவரிடம் கேட்டாலும் இதனையே சொல்வார்.