முதுகு வளையும் போர்க்கப்பல்கள்

1992-இல் பாஸ்டன் துறைமுகத்தின் உலர்துறைக்குள் ஒரு பழைய மரக்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தித் தண்ணீரை வடித்தார்கள். கப்பலின் பெயர் 'கான்ஸ்டிட்யூஷன்'. 1797-இல் கடலில் இறங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் அது. இன்றும் மிதக்கிறது, இன்றும் அந்நாட்டுக் கடற்படையின் கணக்கில் இருக்கிறது. அடிப்பகுதியை அளந்து பார்த்தபோது, நேராக ஓட வேண்டிய ஏரா மரம் நடுவில் ஓரடிக்கும் மேல் உயர்ந்திருந்தது. கப்பலின் முன்முனையான அணியமும் பின்முனையான அமரமும் கீழே தொங்கிப்போயிருந்தன. ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு. 1812-ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுகளால் முறிக்க முடியாத அந்த முதுகெலும்பை, துறைமுகத்தில் அலுங்காமல் கட்டிக்கிடந்த காலத்திலும் தண்ணீர் வளைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பாய்மரப் போர்க்கப்பல் என்றதும் புகையும் நெருப்பும் கிழிந்த பாய்களும்தான் நம் கண்முன் வரும். அவற்றைக் கட்டிய ஓடாவிகளை அதிகம் வாட்டிய சிக்கல் இந்த வளைவுதான். அதை அவர்கள் எதிர்த்து நின்ற கதை, பொறியியல் வரலாற்றின் மிக நல்ல பக்கங்களில் ஒன்று.

மிதக்கும் கப்பலின் மொத்த எடையும் அது விலக்கும் தண்ணீரின் எடையும் சமம். இது ஆர்க்கிமிடீஸ் சொன்னது. ஆனால் கப்பலைக் குறுக்குவாட்டில் பத்துத் துண்டுகளாக வெட்டியதாகக் கற்பனை செய்துகொண்டு ஒவ்வொரு துண்டையும் தனியே பார்த்தால் அந்தச் சமநிலை இருக்காது. நடுத்துண்டுகள் அகலமானவை, வயிறு புடைத்தவை. நிறையத் தண்ணீரை விலக்கும். தண்ணீர் அவற்றை, அவற்றின் எடைக்கும் கூடுதலான விசையோடு மேலே தள்ளுகிறது. முனைத்துண்டுகளோ தண்ணீரைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதற்காகக் குறுகலாகச் செதுக்கப்பட்டவை. அவற்றின் கீழே தாங்குவதற்குப் போதிய மிதப்பு இல்லை. ஆகவே நடு எழும்புகிறது, முனைகள் தாழ்கின்றன.

சரக்குக் கப்பலுக்கு இந்தத் தொல்லை குறைவு. பாரத்தை நடுவில் அடுக்கிக்கொள்ளலாம். போர்க்கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. பீரங்கிகளை முனையிலிருந்து முனைவரை வரிசையாக நிறுத்தியாக வேண்டும். கான்ஸ்டிட்யூஷனின் பீரங்கித் தளத்தில் 24 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகள் 30 இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை டன். அணியத்தில் நங்கூரங்களும் அவற்றின் வடங்களும் வேறு. மிதப்பு எங்கே குறைவோ அங்கே பாரம் கூடுகிறது. கடலில் ஒரு பேரலை கப்பலின் நடுவயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும்போது முனைகள் ஏறக்குறைய அந்தரத்தில் தொங்கும். அடுத்த நொடி அலையின் பள்ளம் நடுவில் வந்தால் வளைவு எதிர்த்திசைக்கு மாறும். ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்.

ஒரே மரத்தில் குடைந்த கப்பல் என்றால் ஓரளவு தாங்கிவிடும். ஆனால் பெரிய போர்க்கப்பல் ஆயிரக்கணக்கான துண்டுகளின் கூட்டு. இங்கிலாந்தின் 'விக்டரி' கப்பலுக்கு மட்டும் சுமார் 6,000 மரங்கள் வெட்டப்பட்டதாகச் சொல்வார்கள். ஏராவின் மேல் விலா எலும்புகளாக வங்குகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் பலகைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. கப்பல் வளையும்போது அடுத்தடுத்த பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை அளவு வழுக்குகின்றன. பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் தாரில் தோய்த்து இடுக்குகளில் அடித்திறுக்கிய கலப்பத்து அதனால் தளர்ந்து வெளியே வருகிறது. தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆணித்துளைகள் முட்டை வடிவமாகத் தேய்கின்றன. துளை தேய்ந்தால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் துளை இன்னும் தேயும். இது தானே வளரும் நோய்.

இதன் வடிவியல் எளிது. வங்குகள் நெட்டுக்குத்து, பலகைகள் கிடைமட்டம். கப்பலின் பக்கம் முழுவதும் செவ்வகங்களால் ஆனது. செவ்வகம் மூலைகளில் ஆணி எவ்வளவு அடித்தாலும் சாய்ந்து இணைகரமாகிவிடும். முக்கோணம் அப்படிச் சாயாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. ஆடிப்போன பழைய பெஞ்சுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு ரீப்பரை அடித்தால் ஆட்டம் நின்றுவிடுகிறதே, அதே விஷயம்தான். தச்சர் எல்லாருக்கும் தெரிந்த இந்த உத்தி பெரிய கப்பல்களுக்குள் முறையாக நுழைய ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று வியப்பாக இருக்கிறது. ஐரோப்பியக் கட்டும்துறைகளில் அங்கங்கே சோதனைகள் நடந்தன, வழக்கமாக நிலைக்கவில்லை. கப்பல் வளைகிறதா, இன்னும் கனமான மரம் போடு என்பதே பொதுவான விடையாக இருந்தது. கனம் கூடினால் முனைகளின் பாரமும் கூடும் என்பதை அந்த விடை கவனிக்கவில்லை.

பிலடெல்பியாவின் ஓடாவி ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் வேறு வழியில் யோசித்தார். 1794 மார்ச் 27-இல் அமெரிக்கா ஆறு ஃபிரிகேட்டுகள், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள், கட்டச் சட்டம் இயற்றியது. கான்ஸ்டிட்யூஷன் அவற்றில் ஒன்று. ஐரோப்பிய வல்லரசுகளைப்போல நூற்றுக்கணக்கில் கட்டப் பணம் இல்லை. எனவே கட்டுகிற சில கப்பல்களும் எந்த ஃபிரிகேட்டையும் வெல்லும் வலுவோடும், தம்மைவிடப் பெரிய கப்பல்களிடமிருந்து தப்பும் வேகத்தோடும் இருக்க வேண்டும் என்றார் அவர். வேகத்துக்கு நீளம் வேண்டும். அந்தக் காலப் பிரிட்டிஷ் ஃபிரிகேட்டுகள் 150 அடியை ஒட்டி இருக்க, இவருடைய பெரிய ஃபிரிகேட்டுகளின் நீளம் 175 அடி. நீளம் கூடக்கூட வளைக்கும் விசை வேகமாக ஏறும். அதற்கு அவர் கண்ட விடைதான் கப்பலின் அடிவயிற்றுக்குள் வைத்த சாய்மரங்கள். ஏராவின் நடுப்பகுதியில் ஊன்றி, இரு முனைகளையும் நோக்கிச் சாய்வாக மேலேறி, தளத்தைத் தாங்கும் உத்தரங்களில் போய் முட்டும் தடித்த மரங்கள் அவை. முனைகள் தாழ முயலும்போது இந்தச் சாய்மரங்கள் இருபுறமும் அழுத்தப்படுகின்றன. நுட்பம் இங்கேதான் இருக்கிறது. மரத்தை இழுத்தால் அதன் பலம் அதைப் பிடித்திருக்கும் ஆணியின் பலம் மட்டுமே. நாரின் போக்கில் அழுத்தினாலோ முழுத் தடிமனும் சேர்ந்து தாங்கும்.

மரத்தையும் அவர் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். வங்குகளுக்கு ஜார்ஜியாக் கடற்கரைத் தீவுகளில் வளரும் லைவ் ஓக். பச்சையாக வெட்டினால் தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தி. இந்த மரம் நேராக உயராது. கிளைகளை வளைத்து வளைத்துப் பரப்பிக்கொண்டு நிற்கும். வீடு கட்டுபவருக்குக் குறை, கப்பல் கட்டுபவருக்கு வரம். வளைந்த வங்கை நேரான மரத்திலிருந்து அறுத்தெடுத்தால் நார்கள் வளைவின் குறுக்கே அறுபட்டு அந்த இடத்தில் பிளக்கும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் வளைவோடு ஓடும். தளமும் பக்கமும் கூடும் மூலைக்கு, அடிமரமும் கிளையும் பிரியும் கவட்டைத் துண்டைவிட நல்ல முட்டு எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு வங்கின் வடிவத்துக்கும் மெல்லிய பலகையில் அச்சுகள் செய்து தெற்கே அனுப்பினார்கள். காட்டில் அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் கிளையைத் தேடினார்கள். புனித சைமன்ஸ் தீவின் சதுப்புகளில் வடக்கிலிருந்து போன மரவெட்டிகள் காய்ச்சலில் விழுந்தார்கள். பலர் வேலையை விட்டுத் திரும்பினார்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில்தான் அந்த மரங்கள் கரைக்கு வந்தன. விடுதலையின் பெருமையைச் சொல்லும் ஒரு கப்பலின் விலா எலும்புகளில் அந்த உழைப்பு இருப்பதை மறக்கக் கூடாது.

1812 டிசம்பர் 29-இல், பிரேசில் கரைக்கு அப்பால், கான்ஸ்டிட்யூஷன் 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட்டை வென்றது. மீட்க முடியாத அளவு சிதைந்த ஜாவாவைக் கொளுத்திவிட்டார்கள். ஜாவா இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பல். பம்பாயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பல்களுக்கான செப்புத் தகடுகள் அதில் இருந்தன. அங்கே கட்டவிருந்த ஒரு புதிய ஃபிரிகேட்டின் வரைபடங்களும் இருந்தன. வரைபடங்களை மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. அப்படித் தாமதமாகி, 1817 அக்டோபர் 12-இல் பம்பாயில் நீரில் இறங்கிய கப்பலின் பெயர் 'டிரிங்கோமலீ'. நம் திருகோணமலைதான்.

அதைக் கட்டியவர் பார்சி ஓடாவி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பிரிட்டிஷ் கடற்படை பம்பாயை நாடியதற்குக் காரணம் தேக்கு. அந்த நாட்களில் இங்கிலாந்தின் ஓக் கப்பல்கள் பூஞ்சையால் உளுத்துக்கொண்டிருந்தன. 1810-இல் நீரில் இறங்கிய 'குயீன் சார்லட்' என்ற பெருங்கப்பல், பணிக்குப் போகும் முன்பே மரம் மட்கிப்போய்ப் பெரும் பழுதுபார்ப்புக்கு ஆளானது. தேக்கின் எண்ணெய்ப் பசை பூஞ்சையை அண்டவிடாது. ஈரத்தில் ஊதுவதும் வெயிலில் சுருங்குவதும் குறைவு. இன்னொன்று, ஓக்கில் உள்ள டானின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும்; தேக்கு ஆணியைக் காப்பாற்றும். ஆணி இறுக்கமாக இருந்தால் இணைப்பு தளராது, வளைவும் மெல்லத்தான் வரும். டிரிங்கோமலீ இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது.

செப்புத் தகட்டின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து வாழும் ஓர் உயிர் உண்டு. புழுவைப்போலத் தெரிந்தாலும் அது சிப்பி இனம். அதைத் தடுக்க 1761-இல் 'அலார்ம்' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட்டின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் போர்த்தினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் சோதித்தால், மரம் நலமாக இருந்தது; இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பியிருந்தன. செம்பும் இரும்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம் என்பது, வோல்ட்டா தம் மின்கலத்தை 1800-இல் அறிவிப்பதற்கு முன் யாருக்கும் விளங்கியிருக்க வழியில்லை. ஆனாலும் அந்தக் காகிதத் துண்டை ஒருவர் கவனித்துப் பதிவு செய்தார். பின்னர் ஆணிகளையே செப்புக் கலவையில் செய்யத் தொடங்கினார்கள். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, செம்பு கரையாமலிருக்க அதில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. உடனே, கப்பலடியில் ஒட்டி வளரும் கொட்டலசுகள் அப்பிக்கொண்டன. கரையும் செம்பின் நஞ்சுதான் அவற்றை அதுவரை விரட்டியிருந்தது.

தேக்குத் தேவை நம் மலைகளையும் தொட்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கடற்படைக்குத் தேக்கு சேகரிக்க 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை வனப் பாதுகாவலராக நியமித்தார்கள். தேக்கு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே உரியது என்ற அவருடைய கெடுபிடியில் நிலத்துக்காரர்களும் வணிகர்களும் கொதித்தார்கள். 1823-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். காடு தொடர்ந்து வெட்டுப்பட, 1840-களில் மலபார் கலெக்டர் கோனொலி நிலம்பூரில் தேக்கை விதைபோட்டு வளர்க்கத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தின் பழைய மரங்கள் சில இன்றும் நிற்கின்றன.

சாய்மரத்தை முழுமையான கட்டுமான முறையாக ஆக்கியவர் ராபர்ட் செப்பிங்ஸ், இங்கிலாந்தின் சாத்தம் கட்டும்துறை ஓடாவி. 1811-வாக்கில் 'ட்ரெமெண்டஸ்' என்ற பழைய கப்பலைப் புதுப்பிக்கும்போது அடிவயிறு முழுவதும் மூலைவிட்டச் சட்டங்களை முக்கோணங்களாகக் கோத்தார். வங்குகளுக்கு இடையிலான இடைவெளிகளை மரத்தால் நிரப்பி அடிப்பகுதியை ஒரே கட்டியாக்கினார். ஏற்கெனவே கிடக்கும் கனத்தையே திசைமாற்றி வலுவாக்கியதுதான் அவருடைய சாதனை என்று நான் நினைக்கிறேன். 1814-இல் அவருடைய கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ஒளி அலையே என்று காட்டிய தாமஸ் யங் அதே ஆண்டு அதே இதழில் அந்த முறையைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். 1818-இல் செப்பிங்ஸுக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது. அறிவியல் உலகின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்று, உளி பிடித்துப் பழகிய கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹம்ஃப்ரீஸின் சாய்மரங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பின்னாளில் பழுதுபார்த்தவர்கள் கான்ஸ்டிட்யூஷனிலிருந்து அவற்றை எடுத்துவிட்டார்கள். 1992-இல் அளந்த வளைவுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். உலர்துறையில் தாங்குகட்டைகளின் மேல் கப்பலைப் பொறுமையாகப் படியவிட்டு ஏராவை நிமிர்த்தினார்கள். ஹம்ஃப்ரீஸின் பழைய குறிப்புகளைப் பார்த்துச் சாய்மரங்களைத் திரும்பப் பொருத்தினார்கள். 1997 ஜூலையில் அது நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு தன் பாய்களை விரித்துத் தானே ஓடியது.

மூலைவிட்டச் சட்டங்களாலும் மரத்தின் எல்லையை ஓரளவுதான் தள்ளிவைக்க முடிந்தது. 1858-இல் பிரிட்டன் 336 அடி நீளத்தில் 'மெர்சி', 'ஓர்லாண்டோ' என்ற இரு மர ஃபிரிகேட்டுகளை நீராவி இயந்திரத்தோடு கட்டியது. அந்த நீளத்தை மர இணைப்புகள் தாங்கவில்லை. கட்டுக்கோப்பு தளர்ந்து கசிந்தன. இரண்டே ஆண்டுகளில், 1860-இன் கடைசி நாட்களில், 420 அடி நீள 'வாரியர்' முழு இரும்பு உடலோடு நீரில் இறங்கியது. அதன் பக்கங்களில் நாலரை அங்குல இரும்புக் கவசம். குண்டின் அதிர்ச்சியை உள்வாங்க அந்தக் கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலத் தடிமனுக்குத் தேக்கை அடுக்கியிருந்தார்கள்.