பால்மரமும் உலகப் போரும்

மாணவர்களே, பைராம் தோட்டம் உள்ள நிபோங் திபால் வட்டாரத்தில் நம் முன்னோர் பலர் பால்மரம் சீவியவர்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பாலுக்கும் பங்கு உண்டு.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 11ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா வாங்கிவந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு நின்றுபோனது. டயர் இல்லாமல் லாரியும் ஓடாது, விமானமும் இறங்காது.

எனவே அங்குள்ள வேதியியலாளர்கள் பியூட்டடையீன், ஸ்டைரீன் மூலக்கூறுகளை எடையில் ஏறத்தாழ 3க்கு 1 என்ற அளவில் சங்கிலியாகக் கோத்துச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் தயாரித்தனர். 1945இல் உற்பத்தி 7 இலட்சம் டன்னைத் தாண்டியது.

இங்கோ ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை போனது. பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பலரைக் கொன்றன.

போருக்குப் பின்னும் செயற்கை ரப்பரின் போட்டி ஓயவில்லை. காலப்போக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ஆனாலும் விமான டயருக்கு இன்றும் இயற்கை ரப்பரே முதன்மை. அழுந்தி விரியும்போது அது குறைவாகவே சூடேறும்.

சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் உண்டா? பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.