பம்பாயை உலுக்கிய கப்பல் வெடிப்பு

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை மாலை 4 மணி 6 நிமிடத்துக்குப் பம்பாய் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள்கூட நொறுங்கின. சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அந்த அதிர்வு பதிவானது. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் குண்டு எதுவும் விழாமலேயே பம்பாய் கண்ட பேரழிவு இது.

கனடாவில் கட்டப்பட்ட இந்தக் கப்பல் பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அதில் குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள் என ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. பெட்டிகளில் அடைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும், இரும்புத் தொட்டிக்குள் வைத்து மூடிய 124 தங்கக் கட்டிகளும் வந்தன. கராச்சியில் இறக்கிய சரக்கின் இடத்தில் 8,700 பஞ்சுப் பொதிகளையும், எண்ணெய்ப் பீப்பாய்களையும், மரம், கந்தகம், மீன் உரம் ஆகியவற்றையும் ஏற்றினார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில், அதுவும் ஒரே சரக்கு அறையில் மேலும் கீழுமாக அடுக்குவது எவ்வளவு ஆபத்து என்பது கப்பல்காரர்கள் அறியாததல்ல. போர்க்கால அவசரமும் கப்பல் பற்றாக்குறையும் சேர்ந்து அதற்கு இடம் கொடுத்தன. வழக்கமாக வெடிபொருள் ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே நின்று சிறு படகுகளில் சரக்கை இறக்க வேண்டும். அந்த விதியும் போரை முன்னிட்டுத் தளர்த்தப்பட்டதால், ஏப்ரல் 12 அன்று கப்பல் நேராக டாக்குக்குள் வந்து நின்றது.

14-ஆம் தேதி மதிய உணவுக்குப் பிறகு வேலையைத் தொடங்கிய தொழிலாளர்கள், இரண்டாம் எண் சரக்கு அறையிலிருந்து புகை கிளம்புவதைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டே காரணம் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. கிட்டத்தட்ட 900 டன் தண்ணீரைப் பாய்ச்சியும் தீயின் மூலம் எங்கே என்று தெரியவில்லை. உள்ளே போன தண்ணீர் கொதித்தது. நீர்மட்டம் உயர உயர, எரியும் பஞ்சுப் பொதிகள் மிதந்து மேலே இருந்த வெடிமருந்தை நெருங்கின. கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்வதா, இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே கழிந்தது. 3.50 மணிக்குக் கப்பலைவிட்டு வெளியேற உத்தரவு வந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. முதல் வெடிப்பு நடந்து அரை மணி நேரத்துக்குள், பின்பகுதியில் இருந்த வெடிமருந்தும் வெடித்தது. அது முதலாவதைவிடப் பெரியது.

அருகில் நின்ற சுமார் 4,000 டன் எடையுள்ள ‘ஜலபத்மா’ கப்பலின் பின்பகுதி தூக்கி எறியப்பட்டுக் கரையில் இருந்த கிடங்கின் மேல் போய் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. தீப்பற்றிய பஞ்சு மழைபோல் நகரத்தின் மீது பொழிந்ததில் மண்ட்வி, மஸ்ஜித் பந்தர் பகுதிகள் தெருத்தெருவாக எரிந்தன. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். கிடங்குகளில் இருந்த 50,000 டன்னுக்கு மேற்பட்ட தானியமும் சாம்பலானது. வங்காளப் பஞ்சத்தின் கொடுமை தீராத அந்தக் காலத்தில், இந்த இழப்பின் வலி இன்னும் அதிகம்.

இறந்தோர் தொகை 700-க்கு மேல் என்பது உறுதி. 1,300 வரை என்ற மதிப்பீடும் உண்டு. தீயணைப்புப் படையில் 66 பேர் உயிரிழந்தனர். படைக்குப் பதிவேடு இருந்ததால் அந்த எண் நிற்கிறது. அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்கியவர்களுக்கும், டாக்கை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்களுக்கும் அப்படி ஒரு பதிவு இல்லை. இவர்களை யாரும் முழுமையாக எண்ணாதது இந்தக் கதையிலேயே மிகவும் வருத்தம் தரும் பகுதி.

தணிக்கை அமலில் இருந்ததால் இந்தியப் பத்திரிகைகளால் விவரம் எழுத முடியவில்லை. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலியோ மறுநாளே விரிவாகச் செய்தி சொன்னது. மே மாதம் இரண்டாவது வாரத்தில்தான் தடை நீங்கியது. சொந்த நகரில் நடந்த அழிவைப் பற்றி மக்கள் வதந்திகளை நம்பியே ஒரு மாதத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

தீயைக் கட்டுப்படுத்த மூன்று நாள் ஆனது. பின்னர் 8,000 பேர் ஏழு மாதம் உழைத்து, சுமார் 5 லட்சம் டன் இடிபாடுகளை அகற்றி டாக்குகளை மீண்டும் இயங்க வைத்தனர். சிதறிய தங்கக் கட்டிகளில் ஒன்று தொலைவில் இருந்த ஒரு பார்சி குடும்பத்தின் வீட்டு மாடியில் விழுந்தது. அவர்கள் அதை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். பெரும்பாலான கட்டிகள் கிடைத்துவிட்டன. 2011-இல் தூர்வாரும்போதுகூடச் சில வெளிப்பட்டன.

அன்று உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நாடு முழுவதும் ஏப்ரல் 14 தேசிய தீயணைப்புப் பணி நாளாகவும், 20-ஆம் தேதி வரையிலான ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகளில் தீத்தடுப்புச் செயல்விளக்கம் நடத்துகிறார்கள்.