விமானத்துக்கும் இரவல் குரல் உண்டு, தெரியுமா?

1969-ல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் ஆங்கிலேய ஸ்பிட்ஃபயர்களோடு மல்லுக்கு நிற்கின்றனவே ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மிட்கள், அவற்றின் மூக்குக்குள் உறுமியது எந்த எஞ்சின் தெரியுமா? ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்! எதிரி ஸ்பிட்ஃபயருக்குள் இருந்த அதே எஞ்சின்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்பெயினில் தயாரான ‘புச்சோன்’ ரக விமானங்கள் அவை. உடம்பு மெஸ்ஸர்ஸ்மிட் 109, உயிர் மெர்லின். 2017-ன் ‘டன்கர்க்’ படத்திலும் மெஸ்ஸர்ஸ்மிட் வேஷம் கட்டியது புச்சோன்தான். அசல் 109-ன் டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினில் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். அதன் குரலே வேறு. ஆகவே, பழைய விமான ஒலிப்பதிவு தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது விமானத்தின் பெயரை அல்ல, எஞ்சினின் பெயரை!

சினிமாவில் எந்த விமானம் குப்புற விழுந்தாலும் ‘வீஈஈல்’ என்று ஓர் அலறல் வருமே, அது எஞ்சின் சத்தமே இல்லை, தெரியுமா? ஜெர்மனியின் ஸ்டூக்கா விமானத்தின் சக்கரக் காலில், குட்டி விசிறியால் சுழலும்படி மாட்டிய சைரன் அது. கீழே இருப்பவர்களைக் கதிகலங்க வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. முழு உருவில் மிஞ்சிய ஸ்டூக்காக்களில் ஒன்று சிகாகோ அருங்காட்சியகத்திலும் மற்றொன்று லண்டனிலும் வாய்மூடி நிற்கின்றன.

சரி, மெர்லினுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? 12 சிலிண்டர், 27 லிட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 300 வெடிப்பு! அதற்கு அடியில் புரொபெல்லரின் கனத்த அதிர்வு, மேலே சூப்பர்சார்ஜரின் சீழ்க்கை. இந்த மூன்றையும் ஒருசேரப் பிடிப்பதுதான் சவால். பதிவின் அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் உச்சங்கள் வெட்டுப்பட்டு வெறும் கரகரப்பு. செல்போனில் பிடித்தாலோ அடி அதிர்வு காணாமல் போய்விடும். நல்ல பதிவில் எஞ்சின் அணைந்த பிறகு உலோகம் ஆறும் ‘டிக், டிக்’ கூடக் கேட்கும்.

இனி, விமான ஒலிப்பதிவுகளிலேயே மகா அதிசயம்! இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், செல்லோ கலைஞர் பீட்ரிஸ் ஹாரிசன் வாழ்ந்த தோட்டத்திலிருந்து, நைட்டிங்கேல் பறவையின் பாட்டை 1924 முதல் பிபிசி நேரடியாக ஒலிபரப்பி வந்தது. 1942 மே 19 இரவும் மைக் தயார். பறவை பாடத் தொடங்கியது. அப்போது பார்த்து வானத்தில் ஒரு முழக்கம்! மான்ஹைம் நகரைத் தாக்கப் புறப்பட்ட 197 குண்டுவீச்சு விமானங்கள்! ஒலிபரப்பினால் ஜெர்மனிக்கே முன்னறிவிப்பு கொடுத்ததாகிவிடுமே? இன்ஜினியர் சட்டென்று ஒலிபரப்பைத் துண்டித்தார். ஆனால் இசைத்தட்டுப் பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின்களின் முழக்கம் ஏற ஏற, பறவை பாட்டை நிறுத்தவே இல்லை! போனவற்றில் 11 விமானங்கள் திரும்பவில்லை. தரம் என்று பார்த்தால் இரைச்சல் மிகுந்த பழைய தட்டுதான். ஆனாலும் இன்றைய எந்தத் துல்லியப் பதிவையும் இதற்கு ஈடாக நான் சொல்ல மாட்டேன்.

பிபிசி தன் ஒலிக் களஞ்சியத்திலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட ஒலிகளை 2018-ல் திறந்துவிட்டது, தெரியுமா? சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம். அதை வைத்துக் காசு பண்ண நினைத்தால் உரிமம் வாங்க வேண்டும்.

மெர்லின் ரசிகர்களுக்கு இன்னொரு விருந்து, நான்கு மெர்லின் பூட்டிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம். பறக்கும் நிலையில் உலகில் எஞ்சியுள்ளவை இரண்டே இரண்டு! ஒன்று இங்கிலாந்தில், மற்றொன்று கனடாவில். 2014-ல் கனடாக்காரர் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து ஜோடி சேர்ந்தார். எட்டு மெர்லின்கள் ஒரே வானில்! அன்று மைக்கோடு நின்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முதல் உலகப் போரின் ரோட்டரி எஞ்சின் இன்னும் வேடிக்கை. தண்டு அசையாது, புரொபெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும்! வேகத்தைக் குறைக்க விமானி மின்பொறியை வெட்டி வெட்டிக் கொடுப்பார். அதனால் தரையிறங்கும்போது ‘ப்ர்ர்ர்’, சற்று மௌனம், மறுபடி ‘ப்ர்ர்ர்’. இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் இன்றும் கேட்கலாம். மசகுக்கு ஊற்றியது என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்! எரியாமல் புகையோடு பின்னால் தெறிக்கும் அதை விமானிகள் மணிக்கணக்கில் சுவாசித்தார்கள். வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் வீட்டுப் பாட்டிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.