குளிசை தரும் உறக்கம்

வலிப்பு நோயை எம்மவர் நெடுங்காலம் பேயின் செயலென்றே கருதினர். பெரியநீலாவணையிலும் அயலூர்களிலும் அதற்கு நூல் கட்டியோரும் தண்ணீர் ஓதிக் கொடுத்தோரும் உளர். பின்னர் குளிசை வந்தது. ஆனால் அதனை நாள்தோறும் விழுங்குவோர் படும் பாட்டைப் பற்றி வாய் திறப்போர் அரியர். நோயையே மறைக்கும் குடும்பம் மருந்தின் தொல்லையை எவரிடம் சொல்லி அழும்?

நான் கற்பித்த வகுப்பொன்றில் ஒரு சிறுமி முற்பகலிலேயே கண் சொருகி மேசையில் சாய்வாள். கணக்கைத் தொடங்குவாள், பாதியிலே நின்றுவிடுவாள். "சோம்பேறி" என்ற பட்டம் அவளுக்கு வாய்த்திருந்தது. ஒருநாள் அவள் தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு உறையைக் காட்டினார். அதிலே எழுதியிருந்த பெயர் பினோபாபிற்றோன்.

அம்மருந்தின் பிறப்பே உறக்கத்தில்தான். 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹவுப்ற்மன் என்னும் இளம் வைத்தியர் வலிப்பு நோயாளர் விடுதியை அடுத்துத் தங்கியிருந்தார். இரவில் அவர்கள் விழும் ஓசை தம் உறக்கத்தைக் கெடுக்கவே, புதிதாக வந்திருந்த உறக்க மருந்தை அவர்களுக்குக் கொடுத்தார் என்பர். அவர்கள் உறங்கினர், வலிப்பும் குறைந்தது. விலை மலிவாதலால் அது இன்றும் ஏழைகளின் மருந்தாக நிலைத்திருக்கிறது. அச்சிறுமியின் கண்ணை மூடியது சோம்பலன்று. சில பிள்ளைகளிடம் இதே மருந்து உறக்கத்திற்கு மாறாக அடங்காத துடுக்கையும் சினத்தையும் எழுப்புவதுண்டு. அவர்களுக்குப் பள்ளியில் கிடைப்பது வேறொரு பட்டம்.

உறக்கமின்றியும் வலிப்பைத் தடுக்கலாம் என்பதை 1938இல் அமெரிக்கரான மெரிற்றும் பற்னமும் பெனிற்றோயின் கொண்டு காட்டினர். அதற்கும் விலையுண்டு. பல்லை மூடுமளவு ஈறு தடிக்கும். மேலும், ஓரளவு வரையே ஈரல் அதனைச் சிதைக்கவல்லது. அவ்வெல்லை நிரம்பியபின் சிறிது கூட்டினாலும், முகத்துவாரம் அடைபட்ட வாவியில் மாரி பொழிந்தாற்போல, இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். நடை தள்ளாடும், நாக்குக் குழறும். குடியையே அறியாத ஒருவனைக் குடிகாரன் என்று ஊர் தூற்ற வேறென்ன வேண்டும்?

காபமசெப்பினோ தோலைத் தாக்கக்கூடும். ஆசிய மக்கள் சிலரிடம் உள்ள ஒரு மரபணுக் கூறு இவ்விபத்துக்கு வழிகோலுகிறது என்பதைத் தைவான் ஆய்வாளர் 2004இல் கண்டறிந்தனர். தொடங்கிய முதற் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பும் வாய்ப்புண்ணும் தோன்றினால் அன்றைக்கே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். ஏனைய தொல்லைகளுக்காக மருந்தைத் தாமாக நிறுத்துவதோ பேராபத்து. ஓயாத வலிப்பு தொடர்ந்து உயிரையும் கொள்ளும்.

என் நெஞ்சை அதிகம் உறுத்துவது வல்புரோயேற்று. உடல் பருக்கும், முடி உதிரும், கை நடுங்கும். இவை கண்ணாடியில் தெரிபவை. தெரியாதது கருவில் நிகழ்கிறது. கருவுற்ற காலத்தில் இதனை உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேர் உடற்குறையோடு பிறக்கின்றனர். 30 முதல் 40 பேர் வரை பேச்சிலும் கல்வியிலும் பின்தங்குகின்றனர். ஐரோப்பிய நாடுகள் 2018இல் இதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தன. நம் பெண்களோ கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் குளிசையை ஒளிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அறியாமல் விழுங்குபவள், கருத்தரிக்குமுன் மருந்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் எப்படிக் கேட்பாள்? கேட்பதற்குக் கணவன் உடன்வர வேண்டும். அவனுக்கோ நோயே தெரியாது. இந்த மௌனத்தின் கேடு மருந்தின் கேட்டிலும் பெரிது என்பேன்.

இக்கரையில் நோன்பு மாதமும் ஒரு சிக்கல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருந்தும், நோன்பை விட மனமின்றிப் பகற் குளிசையைத் தள்ளிவைப்போர் உளர். ஸஹருக்கு எழுவதால் கெடும் உறக்கமும் வலிப்பைத் தூண்டும். பினோபாபிற்றோன் உடலில் நாட்கணக்கில் தங்குவதால் இரவில் ஒரு வேளை போதும். வேறு சிலவற்றை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்குமாக அமைக்கலாம். மூன்று வேளைக் குளிசை உண்பவர் றமழானுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கிளினிக்கில் இதனைக் கேட்டுவிடுதல் நன்று. தலைப்பிறை கண்ட இரவில் கேட்டால் மருந்தை மாற்ற அவகாசமிராது.