பழைய கணினிக்குப் புதிய சேமிப்பகம்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையூராகிய கண்டக்குழியில் வாழ்கின்றார். அவர் இல்லத்து மேசைக் கணினி 2013 ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. மறைந்த தந்தையாரின் படங்களும், வள்ளத்தின் வரவு செலவுக் கணக்கும், மகளின் பாடக் குறிப்புகளும் அதனுள்ளேயே உள. ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி முடித்தாலும் அது இயங்கத் தொடங்குவதில்லை. "எந்தச் சேமிப்பகத்தை வாங்கலாம்?" என அவர் எம்மை வினவினார். பலர்க்கும் பயன்படுமாதலின் விடையை ஈண்டுத் தருகின்றோம்.

தாமதத்தின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்திற்குப் பெரும்பாலும் 7200 முறை சுழலும் தட்டு. வேண்டிய இடத்திற்கு அதன் முனை நகர்ந்து, தட்டும் சுழன்று வருதற்கு ஏறத்தாழ 12 மில்லிசெக்கன் செல்லும். கணினி தொடங்குங்காற் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுதலின், இச்சிறு காத்திருப்புகளே நிமிடங்களாகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழலும் உறுப்பு யாதுமில்லை. அது தேடுதற்கு ஒரு மில்லிசெக்கனிலும் மிகக் குறைந்த நேரமே கொள்ளும்.

அவ்வாறாயின் மிக விரைவான என்.வி.எம்.இ. வகையை வாங்கலாமோ? வேண்டுவதில்லை. அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அதற்குரிய எம்.2 பொருத்துவாய் இல்லை. சாட்டா இணைப்பே உண்டு. சாட்டாவின் மூன்றாந் தலைமுறை செக்கனுக்கு ஏறத்தாழ 600 மெகாபைட்டுக்கு மேற் செல்லாது. இரண்டாந் தலைமுறை அதிற் பாதியே. பழைய வள்ளத்திற்குத் தாங்கமாட்டாத எஞ்சினைப் பூட்டுதலாற் பயன் என்னை? இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி.யே தக்கது. தேடும் நேரம் குறைதலாகிய பெரும்பயன் அதனாலேயே கிட்டும். கொள்ளளவோ, இப்பொழுது நிரம்பியிருப்பதன் இருமடங்கு போதும்.

எனினும் இருகுறைகளை மறைத்தலாகாது. எஸ்.எஸ்.டி. பழுதுறுங்கால் முன்னறிவிப்பின்றியே ஓய்ந்துவிடுதலும் உண்டு. அதனுள் இருந்தவற்றை மீட்டலும் அரிது. மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம். நுரைச்சோலை அனல் மின்நிலையம் இதே குடாநாட்டில் இருந்தும், 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறவார். ஆதலின் யூ.பி.எஸ். ஒன்று துணையிருத்தல் நன்று. உப்புக்காற்றால் இணைப்புமுனைகள் துருப்பிடித்துள்ளனவா எனவும் பார்த்தல் வேண்டும்.

மேலும், விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. புதிய சேமிப்பகம் அக்குறையைத் தீர்க்காது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவுதல் ஒரு வழி.

யாவற்றிற்கும் முன் செய்யத்தக்கது பிரதி எடுத்தலே. பழைய தட்டையும் உடனே அழித்தலாகாது. வேகத்தை விலைக்கு வாங்கலாம்; தந்தையாரின் முகத்தை வாங்கலாகுமோ? அன்பர் அவ்வாறே படங்களைப் பிரதி செய்து தமக்கையார் இல்லத்தில் வைத்த பின்னரே கணினியைத் திறந்தார். இன்று தேநீர் ஆறுமுன் மகள் படிக்கத் தொடங்கிவிடுகின்றாள் என எழுதியுள்ளார்.