கேட்பவர்கள் – 14: பதினைந்து பேரின் இசைக்குழு

சென்ற வாரம் ரசிகர் மன்றங்களைப் பார்த்தோம். கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி. இந்த வாரம் அதற்கு நேர் எதிரான ஒரு ரசிகர். அவருக்குப் பிடித்த குழுவின் பெயரைச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் ‘யார் அது?’ என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வயதாகிறவர் அவர்.

அவரைத் தேட புனேயின் ஏரவாடா நல்ல இடம். வெளியூர்க்காரர்களுக்கு ஏரவாடா என்றால் சிறை. புனேக்காரர்களுக்கு காமர்சோன் போன்ற ஐ.டி. வளாகங்களும்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களும் அங்கே உண்டு. முளா-முட்டா ஆற்றின் மேல் பண்ட் கார்டன் பாலத்தைத் தாண்டினால் கோரேகாவ் பார்க். 2010 டிசம்பரில் என்.எச்.7 வீக்கெண்டர் இசைவிழா முதன்முதலில் நடந்தது அங்கேதான். சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டு வைத்திருக்கும் குழுக்களுக்கும் மேடைகள் போட்ட விழா அது. ஆனால் அது வருஷத்துக்கு ஒருமுறை வந்த விழா. மற்ற நாள்களில் இந்தக் குழுக்கள் வாசிப்பது ஹை ஸ்பிரிட்ஸ் மாதிரியான மதுக்கூடங்களில், கஃபேக்களின் பின்கட்டில், கல்லூரி விழாக்களில்.

அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரிக் கச்சேரி எப்படியிருக்கும்? ஒன்பது மணி என்று போட்டிருப்பார்கள். சவுண்ட் செக் முடியவே ஒன்பதரை. மேடைக்கு முன்னால் பதினைந்து பேர். அதில் நாலு பேர் அடுத்து வாசிக்கப்போகும் குழு. இரண்டு பேர் டிரம்மரின் ரூம்மேட்கள். ஒருவர் பேஸ் கிட்டார்காரரின் அக்கா. மிச்சமுள்ள எட்டுப் பேர்தான் அசல் ரசிகர்கள். மூன்றாவது பாட்டில் வரிகள் மாறியிருப்பது அவர்களுக்குத் தெரியும். பழைய டிரம்மர் ஏன் விலகினார் என்பதும் தெரியும். கச்சேரி முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டி-ஷர்ட்களைப் பரப்பி வைத்துப் பாடகரே விற்பார். சில்லறை இல்லையென்று ஜிபே எண் சொல்வார். அளவு சரியில்லாவிட்டாலும் எட்டுப் பேரில் மூன்று பேர் வாங்குவார்கள்.

பெரிய நட்சத்திரத்தின் ரசிகர் ஒருநாள் வராமல் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒருவர் வரவில்லையென்றால் பாடகருக்கே தெரியும். பிரபலமாகாத குழுவைப் பின்தொடர்வதில் இருக்கும் போதையே இதுதான். கூடவே கொஞ்சம் கர்வமும் உண்டு. ‘நான் கேட்டபோது இவர்களை யாருக்குமே தெரியாது’ என்று சொல்லிக்கொள்ளும் கர்வம். குழு பெயர் வாங்கிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த குழுவைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வியாதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசுக் கணக்குதான் முக்கியம்.

ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஒரு பாட்டு 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு ராயல்டி கிடையாது. நம் எட்டுப் பேரும் ஆளுக்கு நூறு தடவை கேட்டாலும் எண்ணூறுதான்; குழுவுக்குக் கிடைப்பது பூஜ்யம். அதே எட்டுப் பேர், குழுக்களே நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆளுக்கு 300 ரூபாய்க்கு ஆல்பம் வாங்கினால் 2,400 ரூபாய். தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். பணம் அனுப்பும் செலவும் போக மிச்சம் குழுவுக்கு. ஸ்டூடியோவில் சில மணி நேரத்துக்காவது ஆகும்.

தமிழில் இப்படிச் சிலரை நம்பி நடப்பதற்கு முன்னுதாரணம் சங்கீதத்தில் இல்லை, சிற்றிதழில் இருக்கிறது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது அதை வாங்கியவர்கள் சில நூறு பேர். அவர் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழில் புதுக்கவிதை வேர்விட்டது அந்தச் சில நூறு பேரை நம்பித்தான். அந்த வாசகர்களை ரசிகர்கள் என்று சொல்வதைவிடச் சந்தாதாரர்கள் என்பதே பொருத்தம். சின்னக் குழுவுக்கு வேண்டியதும் சந்தாதாரர்தான்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: பத்திரப்படுத்துவது. 1970களின் தொடக்கத்தில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக ‘சிம்லா பீட்’ என்ற அகில இந்திய இசைக்குழுப் போட்டி நடத்தியது. கன்ஃப்யூஷன்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் என்று பல குழுக்கள் வாசித்தன. 1970இலும் 1971இலும் அவர்கள் பாட்டுகளைத் தொகுத்து இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வந்தன. அத்தோடு சரி, பெரும்பாலான குழுக்கள் கலைந்தன, பையன்கள் வேலைக்குப் போனார்கள். பல வருஷங்கள் கழித்து அந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள், மறுபதிப்பும் வந்தது. 2014இல் பத்திரிகையாளர் சித்தார்த் பாட்டியா அந்தக் காலத்து ராக் தலைமுறையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். யாரோ சிலர் அந்தத் தட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்க முடிகிறது.

இணையம் வந்த பிறகு எல்லாம் தானாகவே பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டதாக 2019இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள் போயிருக்கலாம் என்பது அப்போது வெளியான கணிப்பு. பெரிய நட்சத்திரங்களுக்கு நஷ்டமில்லை. அவர்கள் பாட்டு வேறு நூறு இடங்களில் இருக்கிறது. போனது முகம் தெரியாத குழுக்களின் டெமோக்கள். அதில் சுமார் 4,90,000 பாட்டுகள் மட்டும் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆராய்ச்சிக்காகச் சிலர் முன்பே நகலெடுத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே எட்டுப் பேரில் ஒருவராக இருக்கிறவர் மூன்று காரியம் செய்தால் போதும். காசு கொடுத்து வாங்குவது. வாங்கியதை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைப்பது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் யார் வாசித்தார்கள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது. குழு பின்னால் பெயர் வாங்கினால் இது சரித்திரம். வாங்காவிட்டால் இது மட்டும்தான் சரித்திரம்.

அடுத்த வாரம்: 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டும் அங்கே பழைய இசைத்தட்டு தேடியவர்களும்.

(தொடரும்)